தூங்க வைப்பது ஏசி அல்ல, அடைபட்ட கேபின்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் லாரி ஓட்டுபவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். லாரி வைத்திருப்பவர்கள் இருந்தால் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக் கல்யாணங்களில் பேச்சு லாரிக்குத் திரும்பாமல் இருந்தால்தான் அதிசயம். அன்றும் திரும்பியது. எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "புது வண்டியெல்லாம் இனி ஏசி கேபினாம்ங்க சார். ஏசியைப் போட்டுக் குடுத்தா டிரைவரு ஜம்முன்னு தூங்கிருவான். அப்பறம் வண்டி எங்க போயி நிக்கும்?"

பந்தியே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: "வேர்த்துக்கிட்டே ஓட்டுனாத்தானுங்க முழிச்சிருப்பான்."

நான் பதில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று ரசத்தோடு எழுந்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மனசு ஆறாததற்குக் காரணம் உண்டு. அப்படிச் சொன்னவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். இன்றைக்கு மூன்று லாரிக்குச் சொந்தக்காரர், நாலு குடும்பத்துக்குச் சோறு போடுபவர். அதனால் 'அவன்' என்று எழுதாமல் 'அவர்' என்றே எழுதுகிறேன். அதே வகுப்பில் அவருக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவர் இன்றைக்கு லாரி ஓட்டுகிறார். அவருடைய வண்டியில் அல்ல, வேறொருவரின் வண்டியில். முதலாளி 'அவர்' என்றால் டிரைவரும் 'அவர்'தான். இரண்டு பேருக்கும் நான் நடத்தியது ஒரே பாடம். சூடான காற்று மேலே போகும், மூடிய அறையில் ஆட்கள் மூச்சு விட்டால் காற்று கெடும், வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஒருவர் அதைப் பரீட்சையோடு மறந்துவிட்டார். இன்னொருவர் அதைத் தினமும் உடம்பில் அனுபவிக்கிறார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் N2, N3 வகை லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் எல்லாம் இதில் அடங்கும். நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் 'தயாராகும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2025 செப்டம்பரில் தயாரான வண்டிக்கும் இது கிடையாது, 2008-இல் வாங்கி இன்றும் சிமென்ட் ஏற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கும் கிடையாது. இன்று நம் ரோட்டில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை பழையவைதான். அந்த டிரைவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புது லாரியில் ஏசி வைத்துக் கொடுப்பதோடு சட்டம் முடிந்துவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து கேஸ் இறங்கிப்போனால், புளோயர் நின்றுபோனால் யார் பார்ப்பார்கள்? இன்றைய புது லாரிதான் நாளைய பழைய லாரி. பராமரிப்பைச் சரிபார்க்க வழி செய்யாத சட்டம், பிள்ளைக்குப் பலகை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுதுகோல் தராததைப் போன்றது.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். லாரிக்கு எஃப்.சி. காட்டும்போது கேபினுக்குள் காற்று ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புளோயர் எல்லா வேகத்திலும் சுற்றுகிறதா, வெளிக்காற்று உள்ளே வருகிறதா, இன்ஜின் சூடும் புகையும் கேபினுக்குள் ஏறாமல் அடைக்கப்பட்டிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

"வாத்தியாருக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். அந்த அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் முன்பு கத்திரி வெயிலில் அந்த டிரைவர் மாணவரோடு லாரியில் போய்ப் பார்த்தேன். ஓசூர் வரை ஒரு லோடு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பயன்படுத்தும் தெர்மாமீட்டர் ஒன்றையும் கொண்டுபோனேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு முடிந்துவிடும், கேபினுக்கு அது போதாது என்று எனக்கு முன்பே தோன்றியது. தோன்றியது சரிதான்.

தர்மபுரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி நிழலில் பார்த்தபோது 38 டிகிரி. கேபினுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் 46. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் இன்ஜின் பானெட்டின் மேல் விரித்த போர்வையில் வைத்தபோது 50-ஐத் தாண்டியது. அந்தப் பானெட்டின் மேல்தான் கிளீனர் பையன் உட்கார்ந்து வந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைக்க முடியவில்லை. டிரைவர் சிரித்துக்கொண்டே, "இது பரவால்லைங்க சார், ஆந்திரா பக்கம் போனா இன்னும் இருக்குதுங்க" என்றார்.

ஏன் இவ்வளவு சூடு? நம் லாரிகளில் இன்ஜினுக்கு மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கிறது. ஓடும் இன்ஜினுக்குள் சுற்றும் தண்ணீரின் சூடே 80, 90 டிகிரி. அதற்கும் டிரைவரின் காலுக்கும் நடுவில் ஒரு தகரமும், கொஞ்சம் பஞ்சும், ஒரு ரப்பர் மேட்டும்தான். புது வண்டியில் அந்தப் பஞ்சும் பானெட்டைச் சுற்றிய ரப்பர் பீடிங்கும் ஒழுங்காக இருக்கும். பத்து வருடத்தில் பஞ்சு எண்ணெய் குடித்து உதிர்ந்துபோகும். பீடிங் காய்ந்து வெடித்துவிடும். கியர் ராடைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்துவிடும். வயர் இழுக்கப் போட்ட ஓட்டைகள் வேறு. இந்த வழிகளிலெல்லாம் இன்ஜின் சூடு நேராக மேலே வரும். சைலன்சரில் எங்காவது ஓட்டை விழுந்திருந்தால் புகையும் கூடவே வரும்.

ஹீட்டர் வைத்த வண்டிகளில் இன்னொரு கூத்து நடக்கும். இன்ஜினின் சுடுதண்ணீரை ஒரு ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டுவருவார்கள். அதன் வழியாக ஃபேன் காற்றை ஊதும், அதுதான் ஹீட்டர். வேண்டாதபோது அந்தத் தண்ணீரை நிறுத்த ஒரு வால்வு இருக்கும். பழைய வண்டியில் அந்த வால்வு முழுசாக மூடாது. கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். சித்திரை மாதத்தில் காற்றுக்காக ஃபேனைப் போட்டால் சுடுகாற்று முகத்தில் அடிக்கும். டிரைவர் ஃபேனை அணைத்துவிடுவார். முதலாளி கேட்டால், "ஃபேன் வேலை செய்யுதே, அவன்தான் போடறதில்லை" என்பார்.

ஏற்றத்தில் இன்ஜின் அதிகமாகச் சூடானால் பழைய டிரைவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஹீட்டரை முழுசாகத் திறந்து ஃபேனையும் வேகமாக வைப்பார்கள். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு கேபினுக்குள் வந்து இறங்கும், இன்ஜின் கொஞ்சம் தணியும். இயற்பியல்படி இது சரியான வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்ஜின் கெட்டால் முதலாளிக்கு லட்சக்கணக்கில் செலவு என்று, அந்தச் சூட்டை மனிதர் தன் மேல் வாங்கிக்கொள்கிறார். அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் "ஏசி போட்டா தூங்கிருவான்" என்று பந்தியில் சிரிக்கிறோம்.

இப்போது ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். என் மாணவர் ஓட்டும் வண்டியில் புளோயர் சுவிட்சுக்கு மூன்று வேகம். ஒன்றில் வைத்தால் சத்தமே இல்லை. இரண்டிலும் இல்லை. மூன்றில் வைத்தால் மட்டும் ரைஸ்மில் மாதிரி இரைச்சலோடு ஓடும். அந்த இரைச்சலில் பின்னால் வரும் வண்டியின் ஹாரன்கூடக் கேட்காது என்று அவர் அதை அணைத்தே வைத்திருந்தார். ஒரு மெக்கானிக் "மோட்டார் போயிருச்சு, மாத்தணும்" என்று 3,800 ரூபாய் சொல்லியிருக்கிறார். முதலாளி "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடமாக வரவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மோட்டார் போயிருந்தால் மூன்றாவது வேகத்தில் மட்டும் எப்படி ஓடும்? ஒன்றிலும் இரண்டிலும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அது மின்சாரத்தை மட்டுப்படுத்துவதால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். மூன்றில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போகும், அதனால் முழு வேகம். ஒன்றும் இரண்டும் செத்து, மூன்று மட்டும் உயிரோடு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெசிஸ்டரையும் அதன் இணைப்பையும்தான், மோட்டாரை அல்ல. ஊருக்குத் திரும்பியதும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மாற்றினோம். பொருளும் கூலியும் சேர்த்து 450 ரூபாய்.

ரெசிஸ்டர் ஏன் எரிந்தது என்பதுதான் முக்கியம். அது ஃபேன் ஊதும் காற்றுப் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். ஓடும்போது சூடாகும், அந்தக் காற்றேதான் அதைக் குளிர்விக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் சல்லடையைத் திறந்து பார்த்தோம். வேப்பிலைச் சருகும் சிமென்ட் தூளும் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்திருந்தது. காற்று வரவில்லை, ரெசிஸ்டர் குளிரவில்லை, எரிந்துபோனது. அடைத்ததை நோண்டி எடுத்தது ஒரு தென்னை ஈர்க்குச்சி. செலவே இல்லை. அந்தச் சல்லடையை வருடம் ஒருமுறை யாராவது பார்த்திருந்தால் ஃபேனும் நின்றிருக்காது, மனிதரும் வெந்திருக்க மாட்டார்.

ஃபேன் நின்றதும் டிரைவர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். கடையில் சின்ன ஃபேன் வாங்கி டாஷ்போர்டில் மாட்டுவார்கள். அது 12 வோல்ட். லாரியில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்து 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பார்கள். ஒன்று எப்போதும் குறைவாகவும் இன்னொன்று அதிகமாகவும் சார்ஜ் ஆகி, கடைசியில் இரண்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். அதற்கும் டிரைவர்தான் திட்டு வாங்குவார். 24 வோல்ட் ஃபேன் வாங்குங்கள், இல்லையென்றால் வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். ஃபியூஸ் இல்லாமல் மட்டும் வயர் இழுக்காதீர்கள்.

அந்தச் சின்ன ஃபேனையும் பெரிதாக நம்பிவிட வேண்டாம். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்தத்தான் செய்கிறது. நம் தோலைவிடக் காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை அது சுகம். காற்றே 45 டிகிரி என்றால், அடுப்படி அனலை முகத்தில் வீசிக்கொள்வதைப் போலத்தான். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். வியர்வைக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி ஒதுங்க இடமில்லை, நேரமில்லை என்று பல டிரைவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்க் கல் பற்றி அவர்களிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இனி அந்தத் தூக்கம். பந்தியில் சிரித்தவர்களுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

டிரைவர் தூங்குவதற்கு முதல் காரணம், அவர் தூங்காததுதான். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூரத்துக்கு அனுமதியோடு நாளுக்கு 10 மணி நேரம் வரை போகலாம் என்றது. உங்கள் வண்டியில் எத்தனை மணி நேரம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். விடிய விடிய ஓட்டச் சொல்லிவிட்டு, தூக்கத்துக்குக் குளிர்காற்றின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது காரணம் வெக்கை. வெக்கையில் உடம்பு தன்னைக் குளிர்விக்கவே பாடுபடும். நீர் வற்றும், தலை வலிக்கும், கவனம் சிதறும். வெயிலில் விளையாட்டு பீரியட் முடிந்து வந்த பிள்ளைகள் அடுத்த பீரியடில் எப்படி இருப்பார்கள் என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். வேர்த்தவன் முழித்திருப்பான் என்றால், என் வகுப்பில் அன்றைக்கு எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் அடைபட்ட காற்று. நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கரியமில வாயு. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்தான், நூறில் ஒரு பங்கு. மழைக்காலத்தில் ஜன்னல்களைச் சாத்தி நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்தால், மதியத்துக்குப் பிறகு வரிசை வரிசையாகக் கொட்டாவி வரும். நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பேன், ஐந்து நிமிடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். லாரி கேபின் ஒரு வகுப்பறையைவிட எத்தனை மடங்கு சின்னது! கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் கொஞ்ச நேரத்தில் மந்தம் வரத்தான் செய்யும்.

ஆக, ஏசி வண்டியில் சிலர் தூக்கம் வருகிறது என்று சொல்வது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் குற்றவாளி குளிர்ச்சி அல்ல, வெளிக்காற்றை மூடி வைத்திருக்கும் அந்தக் கதவுதான். டாஷ்போர்டில் ஒரு நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்று வரும், மறுபக்கம் தள்ளினால் உள்காற்றே சுற்றும். சீக்கிரம் குளிரட்டும் என்று உள்காற்றில் வைப்பார்கள், திரும்ப மாற்ற மறந்துவிடுவார்கள். பழைய வண்டியில் கேபிள் அறுந்து அந்தக் கதவு ஒரே இடத்தில் நின்றுவிடும். இதை எந்த முதலாளியும் பார்ப்பதில்லை. பார்க்காமலே "ஏசின்னா தூக்கம்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

வெயில் காலத்தோடு விஷயம் முடிந்துவிடுமா? மழைக்காலத்துக்கு வாருங்கள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு போனவர்களுக்குத் தெரியும். கண்ணாடி ஏற்றிய கேபினில் இரண்டு பேர் விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிவிடும். வெளியே வைப்பர் ஓடும், உள்ளே ஒன்றும் தெரியாது. புளோயர் வெளிக்காற்றை எடுத்துக் கண்ணாடி மேல் ஊதினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும், அதில் ஹீட்டரின் இளஞ்சூடும் இருந்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். புளோயர் இல்லாத வண்டியில் என்ன செய்கிறார்கள்? பீடித்தூளைக் கண்ணாடியில் தேய்க்கிறார்கள். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் அழுக்குத் துண்டு, எதிரே பஸ்.

எஃப்.சி.யில் வைப்பர் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள், சரி. வைப்பர் துடைப்பது கண்ணாடியின் வெளிப்பக்கத்தை. உள்பக்கத்தைத் துடைக்கும் புளோயரை ஏன் பார்ப்பதில்லை? டிரைவர் பார்ப்பது ஒரு பக்கக் கண்ணாடி வழியாகவா? போன வருடம் என் மாணவர் வண்டிக்கு எஃப்.சி. காட்டப் போனபோது நானும் கூடப் போய் வேடிக்கை பார்த்தேன். விளக்கு பார்த்தார்கள், ஹாரன் பார்த்தார்கள், பிரேக் பார்த்தார்கள், பின்னால் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கேபினுக்குள் தலையை நீட்டி அந்தச் சுவிட்சைத் திருகிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

குளிர்காலம்தான் இன்னும் ஆபத்து. நம் ஊர் வண்டிகள் டெல்லி, பஞ்சாப், காஷ்மீர் வரை போகின்றன. மார்கழிக் குளிரில் அங்கே ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் கேபினில்தான் படுக்கிறார்கள். ஹீட்டர் இல்லை, இருந்தாலும் வேலை செய்யாது. கண்ணாடியை இறுக்கமாக ஏற்றிவிட்டுச் சமைக்கும் அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்வார்கள். இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பார்கள். காற்று போதாமல் எரியும் எந்த அடுப்பும், சைலன்சர் ஓட்டையிலிருந்து ஏறும் எந்தப் புகையும் கார்பன் மோனாக்சைடைக் கொண்டுவரும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவருக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். ஜெனரேட்டரின் புகை உள்ளே ஏறியதுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அது குளிர்பிரதேசம்கூட இல்லை.

எரியும் மெழுகுவத்தி மேல் டம்ளரைக் கவிழ்த்து, அணைவதைக் காட்டுவேன் நான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த டம்ளருக்குள் ஒரு நாள் நம்மில் யாராவது படுப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் இரண்டு முறை செய்து காட்டியிருப்பேன்.

சரி, முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். டீசல் விலை, டோல், இன்சூரன்ஸ், டயர், மாதத் தவணை. ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைப்பவர்களும் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களிடம் போய்ப் பழைய வண்டிக்கு ஏசி மாட்டு என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்:

1. காற்று நுழையும் சல்லடையையும் ஃபில்டர் இருந்தால் அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள்.

2. புளோயர் எல்லா வேகத்திலும் ஓட வேண்டும். மோட்டாரை மாற்றும் முன் ரெசிஸ்டர், ஃபியூஸ், இணைப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. வெளிக்காற்றுக் கதவும் ஹீட்டர் வால்வும் முழுசாகத் திறந்து முழுசாக மூட வேண்டும். கேபிளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டாலே பாதி வண்டியில் சரியாகிவிடும்.

4. பானெட் பீடிங், கியர் ராட் ரப்பர், தரை ஓட்டைகள் இவற்றை அடையுங்கள். பானெட்டின் அடியில் வெப்பம் தாங்கும் பஞ்சைப் புதிதாக ஒட்டுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே பற்ற வையுங்கள்.

5. கேபினில் படுக்கும்போது இரண்டு பக்கக் கண்ணாடியும் இரண்டு விரல் அளவாவது இறங்கியிருக்க வேண்டும். உள்ளே அடுப்பு கூடவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டும் தூங்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சின்னப் பங்கு. அரசிடம் கேட்பது இதைவிடச் சுலபம். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்டியே ஆக வேண்டும். வண்டி எப்படியும் அங்கே வந்து நிற்கிறது. சோதனைப் பட்டியலில் 'கேபின் காற்று' என்று ஒரு வரி சேருங்கள். சுவிட்சைத் திருகிப் பார்க்க, கதவை நகர்த்திப் பார்க்க, பானெட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அது வந்துவிட்டால் நாளைக்கு ஏசி லாரிகள் பழசாகும்போதும் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கும்.

"அந்தக் காலத்துல நாங்க இதெல்லாம் இல்லாம ஓட்டலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஓட்டினீர்கள், மறுக்கவில்லை. உங்களோடு ஓட்டியவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டினார்கள், எத்தனை பேருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தும்தான் பாடம் நடத்தினோம். அது நல்ல வழக்கம் என்று இன்றைக்கு நான் வாதாட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. போன சித்திரையில் என் மாணவர் தொப்பூர் கணவாயில் கண் இருட்டிக்கொண்டு வந்து, எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இறங்கி விழுந்திருக்கிறார். டீக்கடை அம்மா ஒருவர் குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி, மோரில் உப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் நிழலில் படுத்துவிட்டுப் போனதால் லோடு தாமதம். அந்தத் தாமதத்துக்குப் பேட்டாவில் 500 ரூபாய் பிடித்தம். ஃபேன் ஓடும் வண்டியிலேயே இந்த நிலை. பானெட் பீடிங்கை மட்டும் அப்போது மாற்றியிருக்கவில்லை, "அடுத்த மாசம்" என்று சொல்லியிருந்தார்கள். இதை என்னிடம் அவர் வேடிக்கை போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நிறுத்திய இடத்துக்குப் பத்தடி தள்ளிப் பள்ளம்.

பந்தியில் சிரித்த என் மாணவரே, இந்தப் பதிவை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, உரிமைதான். வரும் கத்திரியில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மூன்று வண்டிகளில் எது மிகப் பழசோ அதில் ஏறுங்கள். டிரைவர் ஓட்டட்டும், நீங்கள் பானெட் மேல் உட்காருங்கள். சங்ககிரியிலிருந்து தர்மபுரி வரை போதும். வேர்த்தால் முழித்திருக்கிறோமா, மயங்குகிறோமா என்று நேரில் பார்த்துவிடலாம்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது.